எழுபத்தெட்டு நாளும் பார்க்கவில்லை

செப்டம்பர் மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, பகல் பன்னிரண்டுக்குப் பதினைந்து நிமிடம் இருக்கும்போது நான் இரட்சிக்கப்பட்டேன். நேரத்தை இவ்வளவு சரியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கவரைப்பேட்டை ரயில்வே கேட்டைத் தாண்டி உள்ள எங்கள் ஜெபவீட்டில் அந்த நிமிடம்தான் கரண்ட் போனது. தகர ஷீட்டுக்குக் கீழே இருந்த எல்லோரும் நின்றுபோன ஃபேனைப் பார்த்தார்கள், பிறகு கடிகாரத்தைப் பார்த்தார்கள். நான் முழங்கால் போட்டு அழுதுகொண்டிருந்தேன். பாதி அழுகையில் அது சிரிப்பாக மாறிவிட்டது.

பாஸ்டர் ஜெரால்ட் அன்று பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. நல்லவனாகிவிட்டு வா என்று ஆண்டவர் யாரையும் கூப்பிடவில்லை, வா என்றுதான் கூப்பிட்டார் என்றார். இரட்சிப்பு என்பது உழைத்துச் சம்பாதிக்கிற சாமான் இல்லை, கொடுப்பதைக் கை நீட்டி வாங்கிக்கொள்வது என்றார். எனக்கு அது புதுச் செய்தி. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், இரும்புத் தகட்டை அடித்துப் பார்ட்ஸ் செய்கிற ஒரு பிரஸ் ஷாப்பில் நான் ஆறு வருஷமாகக் கான்ட்ராக்ட் ஆள். வருஷா வருஷம் பர்மனென்ட் லிஸ்ட் ஒட்டும்போது ‘சின்னராசு’ என்ற பெயரை மேலிருந்து கீழே ஒரு முறை, கீழிருந்து மேலே ஒரு முறை தேடிவிட்டு, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்ற வார்த்தையைக் கேட்டுத் திரும்புகிறவன். இங்கே உள்ளே வந்த அன்றைக்கே பர்மனென்ட் என்றால் சிரிப்பு வராதா?

அந்தச் சிரிப்பு நிற்கவே இல்லை. ஷேர் ஆட்டோவில் ஒன்பது பேருக்கு நடுவில் நசுங்கிக்கொண்டு சிரித்தேன். கம்பெனி கேட்டில் செக்யூரிட்டிக்கு குட்மார்னிங் சொல்வதற்குப் பதிலாக ஸ்தோத்திரம் சொன்னேன். அவர் என்னைப் பையைத் திறந்து காட்டச் சொன்னார். வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டே ராகம் தெரியாத பாட்டை ராகம் போட்டுப் பாடினேன். என் மனைவி கல்பனா அம்மன் கோயிலுக்குப் போகிறவள். இரண்டு நாள் பொறுமையாகப் பார்த்தாள். மூன்றாம் நாள், “இன்னாய்யா, இந்த வயசுல எவளையாவது புடிச்சுக்கினியா?” என்று கேட்டாள். விஷயத்தைச் சொன்னேன். யோசித்துவிட்டு, உங்கள் சாமி கறி சாப்பிட விடுமா என்று மட்டும் கேட்டாள். விடும் என்றதும், சரி போ என்று விட்டுவிட்டாள்.

ஞானஸ்நானத்துக்கு அக்டோபர் மூன்றாவது ஞாயிறு குறித்தார்கள். அதற்கு முந்திய வியாழக்கிழமை எங்கள் கம்பெனியில் ஆடிட். இரண்டும் ஒரே வாரத்தில் விழுந்ததுதான் வினை.

ஆடிட் என்றால் முதலில் நினைவுக்கு வருகிறவன் நான். எங்கள் ஊர் பள்ளிப்பட்டில் படித்த காலத்திலேயே, அனுப்புநர் பெறுநரைச் சரியான இடத்தில் போட்டுக் கடிதம் எழுதுகிறவன் என்று பெயர் எடுத்தவன். கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். எங்கள் பிரஸ் ஷாப்பில் தினமும் காலை மிஷின் ஓடுவதற்கு முன்னால் பன்னிரண்டு விஷயங்களைப் பார்த்து டிக் அடிக்க வேண்டும். எண்ணெய் அளவு, போல்ட், சேஃப்டி கதவு என்று போகும். ஒரு நாளைக்கு ஒரு பக்கம். அதற்குப் பெயர் செக் ஷீட். யாரும் பார்ப்பதில்லை, யாரும் எழுதுவதில்லை. ஆடிட் வருகிறது என்றால் மூன்று மாதத்தையும் நான் ஒரே மூச்சில் எழுதுவேன்.

அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. நான்கு பேனா வைத்திருந்தேன். சில நாட்களுக்கு இடது கையால் டிக் போடுவேன். கட்டை விரலில் கிரீஸ் தொட்டு ஓரத்தில் தேய்ப்பேன். போன ஆடிட்டில் ஒரு பக்கத்தின்மேல் டீ கிளாஸை வைத்து வட்டம் பதித்தேன். வந்த ஆடிட்டர் அந்த வட்டத்தைத் தடவிப் பார்த்து, இதுதான் உண்மையாக வேலை நடக்கிற இடம் என்று பாராட்டிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை சூப்பர்வைசர் எபினேசர் வெற்று ஷீட் கட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர். லீவு போக எழுபத்தெட்டு பக்கம். இந்த எபினேசர்தான் எங்கள் சபைக்கும் செயலாளர். என்னை முதன்முதலில் ஜெபவீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனவரும் அவரே. சபையில் அவர் பிரதர், கம்பெனியில் சார்.

ஜூலை ஒன்று என்று தேதி போட்டேன். டிக் அடிக்கப் பேனாவை வைத்தேன், கை போகவில்லை. முந்தின நாள்தான் ஞானஸ்நான வகுப்பில் பாஸ்டர், நாளைக்குத் திங்கட்கிழமை, உங்களிடம் என்ன மாறியிருக்கும் என்று கேட்டார். பதில் இப்போது என் பேனா முனையில் வந்து நின்றது.

“பிரதர், என்னால முடியல” என்றேன்.

“இங்க சார்னு சொல்லு.”

“சார், என்னால முடியல. இது பொய்ச்சாட்சி சார்.”

அவர் கதவைச் சாத்திவிட்டு வந்தார். “தம்பி, உன்ன அங்க இட்டாந்து உக்கார வெச்சதே நானு. எனக்கே கிளாஸ் எடுக்கிறியா? கிருபையால ரட்சிப்பு, கிரியையால இல்ல. நாலு டிக் அடிச்சா பரலோகம் பறிபோய்டுமா?”

“போவாது சார். போவாதுன்னு தெரிஞ்சதாலதான் தைரியமா சொல்றேன்.”

அவர் வசனத்தை விட்டுவிட்டு லிஸ்ட்டைக் கையில் எடுத்தார். சனிக்கிழமை பர்மனென்ட் லிஸ்ட் ஒட்டப் போகிறார்கள் என்றும், இந்த முறை என் பெயர் பதினோராவதாக இருப்பதைத் தன் கண்ணால் பார்த்ததாகவும் சொன்னார். மேனேஜர் வெங்கடேசன் ஆடிட் முடிந்த பிறகுதான் கையெழுத்துப் போடுவாராம். ஷீட் இல்லை என்றால் பெயரும் இல்லை. கல்பனாவுக்கு நீதான் பதில் சொல்ல வேண்டும் என்றார்.

அங்கேதான் அடித்தார். லிஸ்ட் ஒட்டும் நாளில் கேசரி கிண்டுவதற்கென்று ரவை வாங்கி வைத்து, வண்டு விழுந்து கொட்டி, மறு வருஷம் மறுபடி வாங்கி வைக்கிறவள் அவள்.

செவ்வாய்க்கிழமை காலை ஷேர் ஆட்டோவில் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. தோன்றிய வேகத்தில் பக்கத்தில் இருந்தவரின் டிபன் பாக்ஸைத் தட்டிவிட்டேன். என்னை எழுதத்தானே சொன்னார்கள்? எழுதுகிறேன். நடந்ததை எழுதுகிறேன்.

ஒரே பேனா. கிரீஸ் இல்லை, டீ இல்லை. ஜூலை ஒன்று: பார்க்கவில்லை. ஜூலை இரண்டு: பார்க்கவில்லை. அப்படியே போனது. நினைவு இருந்த நாட்களுக்கு விவரமும் சேர்த்தேன். ஜூலை ஒன்பது: பார்க்கப் போனேன், டீ வந்துவிட்டது. ஜூலை இருபத்திரண்டு: பிரஸ் நான்கில் சேஃப்டி கதவின் சுவிட்சை ஒயர் போட்டுக் கட்டினோம், இனி கதவு திறந்திருந்தாலும் மிஷின் ஓடும், உற்பத்தி ஏறும். ஆகஸ்ட் பதினான்கு: பார்க்கவில்லை, மறுநாள் லீவு என்ற சந்தோஷம். செப்டம்பர் இரண்டாவது திங்கள்: பார்க்கவில்லை, ஆனால் நேற்று இரட்சிக்கப்பட்டேன். எழுதி முடித்தபோது, குலுக்கிய சோடா பாட்டில் மாதிரி இருந்தேன்.

புதன்கிழமை கட்டை எபினேசரிடம் கொடுத்தேன். உண்மையைத்தான் எழுதியிருக்கிறேன், படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள் என்று சொன்னேன். அவர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். உன் எழுத்தை நான் படிக்க வேண்டுமா என்று கேட்டுக்கொண்டே, ‘சரிபார்த்தேன்’ என்ற இடத்தில் எழுபத்தெட்டு கையெழுத்துப் போட்டார். வெங்கடேசன் சாரிடமும் அதையே சொன்னேன். அவர் போனில் பேசிக்கொண்டே கையால் என்னை ஓரம் தள்ளிவிட்டு, ‘ஒப்புதல்’ என்ற இடத்தில் எழுபத்தெட்டு போட்டார். படித்துவிட்டுப் போடுங்கள் என்று இன்னொரு முறை அழுத்திச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

வியாழக்கிழமை வந்த ஆடிட்டர், எங்கள் பார்ட்ஸை வாங்கும் கம்பெனியின் திலகவதி மேடம். ஷாப் நடுவில் மேசை போட்டு உட்கார்ந்தார். நல்ல கையெழுத்து என்று சொல்லிக்கொண்டே முதல் பக்கத்தைப் புரட்டினார். இரண்டாவதைப் புரட்டினார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, சத்தமாகவே படித்தார்.

“பார்க்கப் போனேன், டீ வந்துவிட்டது. சரிபார்த்தேன், எபினேசர். ஒப்புதல், வெங்கடேசன்.”

எபினேசர் கண்ணை மூடிக்கொண்டார். உதடு அசைந்தது. ஜெபம்தான். வெங்கடேசன் சார் தன் கையெழுத்தை யாரோ ஊர் பேர் தெரியாதவன் போட்டது மாதிரி பார்த்தார். எழுதியது யார் என்று மேடம் கேட்டார். கை தூக்கினேன். இந்தப் பாழாய்ப்போன சிரிப்பு மட்டும் முகத்தை விட்டு இறங்கவில்லை.

“ஏங்க இப்படி எழுதினீங்க?”

“ஞாயித்துக்கிழமை எனக்கு ஞானஸ்நானம் மேடம்.”

வாழ்த்துகள் என்றார். சிரிப்பை அடக்கிக்கொண்டு மேலும் புரட்டினார். ஜூலை இருபத்திரண்டு வந்தது. அவர் முகம் மாறியது. எழுந்து நேராகப் பிரஸ் நான்குக்கு நடந்தார், நாங்கள் பின்னாலேயே ஓடினோம்.

அந்த மிஷினை ஓட்டுகிறவன் பரத், கல்பனாவின் தம்பி. கதவு திறந்திருந்தது. மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அடித்த பீஸை எடுக்க, மணிக்கட்டு வரை கையை உள்ளே விட்டிருந்தான். அவன் கையை வெளியே எடுத்த நொடியில் மேடமே சிவப்புப் பட்டனை அடித்தார்.

என் சிரிப்பு அங்கே நின்றது. ஒயரைக் கட்டிய அன்று கட்டிங் பிளையர் பிடித்தவன் நான். வழக்கம்போல் எழுதியிருந்தால், அந்தக் கைக்கு மேல் ‘சேஃப்டி கதவு: சரி’ என்று எழுபத்தெட்டு முறை டிக் அடித்திருப்பேன். டீ வட்டமும் வைத்திருப்பேன். பொய்ச்சாட்சி என்று எபினேசரிடம் பெரிதாகச் சொன்னேனே, அது எனக்கும் ஆண்டவருக்கும் நடுவில் இருக்கிற காகித விவகாரம் என்றுதான் நினைத்திருந்தேன். நடுவில் ஒருவனின் கை இருந்தது எனக்குத் தெரியவில்லை.

எல்லாவற்றையும் சரிசெய்யக் கம்பெனிக்கு முப்பது நாள் கெடு கொடுத்தார்கள். சனிக்கிழமை வெங்கடேசன் சார் என்னைக் கூப்பிட்டார்.

“யோவ், நீ ரட்சிக்கப்பட்ட, சரி. எங்களயும் எதுக்குய்யா தண்ணில எறக்குன?”

என் கண் முன்னாலேயே ஸ்கேல் வைத்து, பதினோராவது பெயரை நேராக அடித்தார். வேலையை விட்டே அனுப்பியிருப்பார். ஆனால் முப்பது நாள் கழித்து மறுபடி வருவேன், அப்போது இதே ஆள் எழுதிய ஷீட்தான் வேண்டும் என்று மேடம் ரிப்போர்ட்டில் போட்டுவிட்டாராம். அனுப்பவும் முடியவில்லை, வைத்துக்கொள்ளவும் முடியவில்லை, ஒரே பேஜாரு என்று தலையில் கை வைத்துக்கொண்டார். திங்கட்கிழமையிலிருந்து தினமும் காலை ஆறு மணிக்கு வந்து பன்னிரண்டையும் நானே பார்த்து எழுத வேண்டும் என்றார். அவர் தண்டனையாகத்தான் சொன்னார்.

வீட்டுக்குப் போனேன். கல்பனாவிடம் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகச் சொன்னேன். பெயர் அடித்த இடம் வந்தபோது அவள் கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது வேறு.

“ஒயர் கட்னது பரத் மிஷின்லயா?”

“ஆமா.”

“யாரு கட்னது?”

“நானுந்தான்.”

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. தம்பிக்குப் போன் போட்டாள். சாப்பிட்டியா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“நாளிக்கு உங்க பாஸ்டராண்ட சொல்லு. ஒரு வாட்டி முக்குனா உனக்குப் பத்தாது. ரெண்டு வாட்டி நல்லா முக்கச் சொல்லு. முக்குறாரா இல்லியான்னு நானே வந்து பாக்குறேன்.”

வந்தாள். பரத்தையும் இழுத்துக்கொண்டு வந்தாள். ஜெபவீட்டுக்குப் பின்னால் இரும்புச் சட்டம் அடித்து, நீலத் தார்ப்பாய் போட்டு, லாரித் தண்ணீர் நிரப்பியிருந்தார்கள். ஒரு பக்கம் பாஸ்டர், மறு பக்கம் எபினேசர். தண்ணீரில் இறங்குவதற்கு முன்னால் எபினேசர் சபையைப் பார்த்து, சாட்சி ஒன்று சொல்ல வேண்டும் என்றார். கண் திறந்திருந்தும் படிக்காமல் எழுபத்தெட்டு முறை கையெழுத்துப் போட்டேன், மன்னிப்புக் கேட்டுவிட்டேன், இனி கம்பெனியிலும் என்னைப் பிரதர் என்றே கூப்பிடலாம் என்றார். முன்வரிசைக்குச் சிரிப்பதா ஸ்தோத்திரம் சொல்வதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தார்கள். எனக்கும் அது மறுபடி தொற்றிக்கொண்டது.

விசுவாசிக்கிறாயா என்று பாஸ்டர் கேட்டு முடிப்பதற்குள் ஆமென் என்றேன். பிறகு, என் வீட்டில் ஒரு விண்ணப்பம் இருக்கிறது, இரண்டு முறை முக்கச் சொல்கிறார்கள் என்று காரணத்தோடு சொன்னேன். பாஸ்டர் தொட்டி ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற கல்பனாவைப் பார்த்தார்.

“ஒரு வாட்டி போதும்மா. ஆண்டவரு பண்ண வேண்டியத முழுசா பண்ணிட்டாரு, அதுக்கு மேல சேக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. இவரு பண்ண வேண்டியதுதான் நாளிக்குக் காலைல ஆறு மணிலேர்ந்து இருக்குது. அத நீ பாத்துக்கம்மா.”

“நான் பாத்துக்கறேன்” என்றாள் கல்பனா, சபை முழுக்கக் கேட்கும்படி.

சிரித்துக்கொண்டே உள்ளே போனதால் மூக்கு நிறையத் தண்ணீர் ஏறிவிட்டது. பெரிய தும்மலோடுதான் வெளியே வந்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், பரத் இரண்டு கையாலும் துண்டை நீட்டிக்கொண்டு நின்றான். தும்மிக்கொண்டே அவன் விரல்களை எண்ணினேன். பத்து இருந்தன.