மூன்று எழுத்துச் சிக்கனம்

மக்களின் குரலுக்குச் செவிசாய்ப்பதாக உலகத்தில் எத்தனையோ மன்றங்கள் சொல்லிக்கொள்ளலாம். அந்தக் குரலை உண்மையிலேயே காதால் கேட்ட முதல் மன்றம் எங்கள் ஊர் நகர மன்றம்தான் என்று அதன் வாசலில் கல்வெட்டு வைத்திருக்கிறார்கள். கேட்டது தண்ணீர் ஜாடிக்குள்ளிருந்து என்பதைக் கல்வெட்டில் போடவில்லை.

அது மந்தமான வருஷம். பாட்டில் தொழிற்சாலையின் உலை அணைந்துவிட்டது. கடைக்காரர்கள் ஷட்டரைப் பாதி இறக்கி, கடை திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று தங்களுக்கே தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். இப்படிப்பட்ட கஷ்ட காலத்தில் ஊரை நடத்தத் திறமைசாலிகள் வேண்டும், திறமைசாலிகள் குறைந்த சம்பளத்துக்கு வரமாட்டார்கள், ஆகவே தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் சம்பளத்தை உயர்த்த வேண்டும் என்று மன்றம் கருதியது. அந்தத் திறமைசாலிகள் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருக்கிறார்களே என்று யாரும் கேட்கவில்லை. பணத்துக்கு வழி எளிது: அலுவலக ஊழியர்களில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். இதையெல்லாம் தலைவர் ஒரு மணி நேரம் விளக்கினார். தன்னுடையது வெண்கலக் குரல் என்பது அவருடைய நம்பிக்கை. மைக்கை ஒதுக்கித் தள்ளிவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார். மைக் இல்லாமல் அவர் பேச்சு இரண்டாவது வரிசையைத் தாண்டாது என்பதால் மூன்றாவது வரிசைக்காரர்கள் அவரை மிகவும் மதித்தார்கள்.

தங்கள் சம்பளத்தைத் தாங்களே உயர்த்திக்கொள்ளும் முன் பொதுமக்களின் கருத்தைக் கேட்க வேண்டும் என்பது சட்டம். ஊரில் குடியிருக்கும் ஒரே ஒருவர் ஆட்சேபித்தாலும், அவரே மனமுவந்து அதைத் திரும்பப் பெறாவிட்டால் தீர்மானம் செல்லாது. சட்டத்தை எழுதியவர்கள் நல்லவர்கள். அமல்படுத்துகிறவர்கள் கெட்டிக்காரர்கள், கருத்துக் கேட்பை எப்போதும் வேலைநாளில், வேலை நேரத்தில் வைத்தார்கள். ஒரு ஈ காக்கைகூட வந்ததில்லை.

அறிவிப்பை அடித்தவர் டைப்பிஸ்ட் அம்மா. மன்றத்தின் குடியிருப்பில் இரண்டு அறை வீடு, உலை அணைந்ததிலிருந்து வீட்டில் இருக்கும் கணவன், ஒரே சம்பளம். வீட்டுக்கு அனுப்பப்படும் பாதியில் தான் இருக்கிறோமா இல்லையா என்ற கவலையோடுதான் அன்று மெஷின் முன்னால் உட்கார்ந்தார். அறிவிப்பின் கடைசிச் சொல் காகிதத்தை விட்டு வெளியே போனது. தலைவரிடம் போய்க் கேட்டார்.

"ஐயா, ஒரு சொல் இடிக்குது. ரெண்டாவது காகிதம் போட்டுக்கட்டுங்களா?"

"சிக்கன ஆணை போட்டது யாரும்மா? நான். நானே ரெண்டாவது காகிதம் போட்டா ஊர் சிரிக்காதா? எங்கயாவது ரெண்டு மூணு எழுத்தைக் குறைங்க. அர்த்தம் வந்தா போதும்."

'சம்பள உயர்வு குறித்துப் பொதுமக்களின் கருத்து மன்றக் கூடத்தில் கேட்கப்படும்' என்று வந்திருக்க வேண்டியது, மூன்று எழுத்து மிச்சப்பட்டு, 'மன்றக் கூடத்தில் கேட்கும்' என்று வந்தது. கீழே தலைவர் கையெழுத்துப் போட்டார். ஓரத்தில் டைப்பிஸ்ட் அம்மா தன் சுருக்கொப்பத்தைப் போட்டார். முத்திரை விழுந்தது.

குறித்த நாளில் வழக்கம்போல யாரும் வரவில்லை. தலைவர் காலி நாற்காலிகளைப் பார்த்து "ஆட்சேபணை உண்டா?" என்று கேட்டுவிட்டு, முறைக்காகக் கொஞ்சம் நிறுத்தினார். அவர் முழங்கைக்குப் பக்கத்திலிருந்த தண்ணீர் ஜாடி, "வெக்கங்கெட்ட ஜென்மங்க" என்றது. ரொட்டிக்கடைக்காரரின் குரல். அந்த நேரத்தில் அவர் தன் கடையில் வாயை மூடிக்கொண்டு மாவு பிசைந்துகொண்டிருந்தார் என்று பிறகு சாட்சி சொன்னார்கள். அடுத்து ஜன்னல் கொக்கி பேசியது, அப்புறம் மின்விசிறி, அப்புறம் துணைத்தலைவரின் பேனா மூடி. உறுப்பினர்கள் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார்கள். ஜாடியின் மேல் துண்டைப் போட்டார்கள். ஜாடி துண்டுக்குள்ளிருந்து மூக்கடைத்த குரலில் தொடர்ந்தது. ஊரில் யார் எதை நினைத்தாலும், சம்பளத்தைப் பற்றியதாக இருந்தால், அது சொந்தக்காரரின் குரலிலேயே கூடத்தில் வந்து ஒலித்தது.

மன்றத்தின் வக்கீல் அறிவிப்பைக் கண்ணாடி போட்டும் கழற்றியும் படித்தார். "கருத்து கூடத்துல கேட்கும்னு முத்திரை குத்தி எழுதியிருக்கீங்க. கேட்குது. இதுல சட்டவிரோதமா எதுவும் தெரியலை" என்றார். அறிவிப்பை ரத்து செய்வதானால் அதற்கும் பொதுமக்களின் கருத்தைக் கேட்க வேண்டுமாம்.

தலைவர் முதலில் பயந்தார். பயம் தெளிந்ததும், ஆட்சேபித்தவர் தானே திரும்பப் பெறலாம் என்ற விதி நினைவுக்கு வந்தது. யார் என்று தெரிந்தால் திரும்பப் பெற வைக்கலாம். அதற்கு ஒரு ஆளும் ஊரில் இருந்தார். வாழ்நாளெல்லாம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து, ஹலோ என்பதற்கு முன் வரும் மூச்சிலேயே ஆளைச் சொல்லிவிடுகிறவர். பாம்புச்செவி என்று பெயர். டைப்பிஸ்ட் அம்மாவுக்குப் புருஷன் வழியில் சின்ன மாமனார். பென்ஷனில் கைவைத்துவிடுவார்கள் என்று நடுங்கிக்கொண்டிருந்த மனிதரைக் கூப்பிட்டு, 'குரல் ஆலோசகர்' என்று பட்டம் கொடுத்து ஜாடிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அவர் பெயர்களைச் சொன்னார். ரொட்டிக்கடையின் புகைபோக்கிக்கு அனுமதி ரத்தானது; புகை போக வழியில்லாமல் கடைக்காரர் இருமிக்கொண்டே வந்து ஆட்சேபணையைத் திரும்பப் பெற்றார். குழாய் ரிப்பேர்காரரின் வீட்டுக் குழாயைத் துண்டித்தார்கள். ஊரார் குழாயையெல்லாம் சரிசெய்துவிட்டு அவர் வீட்டுக்குக் குடத்தில் தண்ணீர் தூக்கிப் போனார், பிறகு கையெழுத்துப் போட்டார். ஒரு தெருவே ஒரே மாதிரி நினைத்தது. அந்தத் தெருவுக்கு விளக்குப் போயிற்று.

பேசப் பயப்படுவது எங்கள் ஊருக்குப் பழக்கம்தான், அதில் நாங்கள் கைதேர்ந்தவர்கள். நினைக்கப் பயப்படுவதில்தான் பயிற்சி இல்லை. ஒன்றை நினைக்கக் கூடாது என்று நினைத்தால் அதுவே முன்னால் வந்து நின்றது. கடைசியில் யாரோ வாய்ப்பாட்டைக் கண்டுபிடித்தார்கள். மனசுக்குள் ஓயாமல் வாய்ப்பாடு ஓடிக்கொண்டிருந்தால் கருத்துக்கு இடமில்லை. ஊர் முழுக்க ஆட்கள் கண்ணைத் திறந்தபடி எங்கேயோ பார்த்துக்கொண்டு நடந்தார்கள். சவரம் செய்கிறவர் ஒன்பதாம் வாய்ப்பாட்டில் இருந்தபோது ஒருவருடைய காதைக் கீறினார். கீறப்பட்டவர் பதிமூன்றில் இருந்ததால் கத்தவில்லை. புருஷன் பெண்டாட்டி முகம் பார்த்துப் பேசுவதில்லை, பேசினால் எண் தப்பிவிடும். ஒரு தாய் தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மன்றத் தெருவைக் கடக்கும்போது அதன் வாயை அல்ல, நெற்றியைப் பொத்திக்கொண்டு ஓடியதைப் பார்த்தவர்கள் உண்டு.

எல்லாரையும்விட டைப்பிஸ்ட் அம்மாவின் பயம் பெரிது. அவர் கூடத்திலேயே உட்கார்ந்து, ஒலிப்பதையெல்லாம் குறிப்பெடுக்க வேண்டும். தன் குரல் எந்த நாற்காலிக் காலிலிருந்து கிளம்புமோ என்று ஒவ்வொரு நாற்காலியாகப் பார்த்துக்கொண்டே எழுதுவார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஏழாம் வாய்ப்பாடு வரைதான், ஏழிலும் ஒரு இடத்தில் தடுக்கும். தடுக்கிய இடத்தை அவசரமாகத் தாண்டி ஏழொன்பதுக்குப் போய்விடுவார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கணவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆறுல இருக்கியா, ஏழுல இருக்கியா?" என்பான். அவர் எண்ணிக்கொண்டே சாப்பிடுவார்.

ஊர் முழுக்க வாய்ப்பாட்டில் அடங்கி, கூடமும் அமைதியாகி, தீர்மானத்தை நிறைவேற்றிவிடலாம் என்று தலைவர் எழுந்த நாளில்தான் புதிதாக ஒரு குரல் வந்தது. அவர் நாற்காலியின் கைப்பிடியிலிருந்து, கீச்சென்று, துல்லியமாக. "இந்த ஆளுக்குப் பாதிச் சம்பளமே ஜாஸ்தி."

யார் குரல் என்று அந்த விநாடியே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ஒருவருக்குத் தவிர.

"யாருடா அவன்?" என்றார் தலைவர். "துருப்பிடிச்ச கீல் மாதிரி ஒரு குரல். இப்படியும் ஒருத்தன் தொண்டையை வெச்சுக்கிட்டு ஊருக்குள்ள திரியறானா?"

தன் குரல் வெளியிலிருந்து எப்படிக் கேட்கும் என்று யாருக்கும் தெரியாது. அவருக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியவில்லை. பாம்புச்செவி ஜாடியை உற்றுப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், "லைன் சரியில்லைங்க ஐயா" என்றார். யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பு வந்தவர்கள் வாய்ப்பாட்டைச் சத்தமாகவே சொன்னார்கள்.

கைப்பிடி அதற்குப் பிறகு ஒவ்வொரு கூட்டத்திலும் அதையே சொன்னது. தலைவருக்குத் தூக்கம் போனது, கண்ணுக்குக் கீழே கறுத்தது. அடுத்த கூட்டத்துக்குள் அந்தக் குரலுக்கு உரியவனைக் கண்டுபிடிக்க வேண்டும், அவனை வீடு வாசலோடு ஊரை விட்டே துரத்த வேண்டும் என்றார். கண்டுபிடிக்காவிட்டால், இந்தத் தொல்லையெல்லாம் எந்தச் சுருக்கொப்பத்திலிருந்து ஆரம்பித்ததோ அந்த ஆளிலிருந்து தொடங்கி மொத்த அலுவலகமும் வீட்டுக்குப் போகும். சொல்லும்போது டைப்பிஸ்ட் அம்மாவைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூட அவ்வளவு பயமாக இருந்திருக்காது.

மறுநாள் சாயங்காலம் பாம்புச்செவி டைப்பிஸ்ட் அம்மாவின் வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"மருமகளே, யாராவது ஒருத்தர் பேரைச் சொல்லித்தான் ஆகணும். இல்லேன்னா என் பென்ஷன். வெளியாள் பேரைச் சொல்ல மனசு வரலை."

"வெளியாள் பேரைச் சொல்ல மட்டும்தான் இத்தனை நாளா மனசு வந்துது, மாமா."

கணவன் சிரித்தான். "என் பேரைச் சொல்லிடுங்க சித்தப்பா. எனக்கு இனிமே போறதுக்கு என்ன இருக்கு? உலைப் புகையில தொண்டையும் பாதி போச்சு. கீச்சுன்னு பேசப் பழகிக்கறேன்."

"வீட்டைப் பிடுங்கிடுவாங்கய்யா."

"இவ வேலை போனாலும் வீடு போகத்தானே போகுது? இது மன்றத்து வீடு. என் பேரைச் சொன்னா வேலையாவது மிஞ்சும். நான் எங்கயாவது போய்க்கறேன்."

டைப்பிஸ்ட் அம்மா மனசுக்குள் ஏழொன்று ஏழு என்று ஆரம்பித்தார். அன்று ராத்திரி முழுக்க உள்ளறையில் கணவன் கீச்சுக்குரலில், "பாதிச் சம்பளமே ஜாஸ்தி, பாதிச் சம்பளமே ஜாஸ்தி" என்று பழகிக்கொண்டிருந்தான். பக்கத்து வீட்டில் பூனைக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்துக்கொண்டார்கள்.

கடைசிக் கூட்டத்துக்கு ஊரையே வரச் சொல்லி உத்தரவு. ஒவ்வொருவராக மேடைக்கு முன்னால் வந்து 'ஆட்சேபணை இல்லை' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கீச்சுக்குரல் தானாக மாட்டிக்கொள்ளும் என்பது தலைவரின் ஏற்பாடு. மன்றத்தின் கருத்துக் கேட்புக்கு இவ்வளவு கூட்டம் அதற்கு முன்பும் வந்ததில்லை, பின்பும் வந்ததில்லை. ரொட்டிக்கடைக்காரர் இருமிக்கொண்டே சொன்னார். குழாய்க்காரர் குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார். யாருடைய குரலும் பொருந்தவில்லை. தலைவரின் நெற்றியில் வியர்வை கோடாக இறங்கியது. வரிசையின் கடைசியில் டைப்பிஸ்ட் அம்மாவின் கணவன் வந்து நின்று, பழகிய குரலில், "ஆட்சேபணை இல்லீங்க" என்று கீச்சினான்.

தலைவர் முன்னால் சாய்ந்தார். "இவனா?"

எல்லாரும் பாம்புச்செவியைப் பார்த்தார்கள். அவர் உதடு பிரிந்தது. டைப்பிஸ்ட் அம்மா தலையைக் குனிந்துகொண்டு ஏழாறு நாற்பத்திரண்டு, ஏழேழு நாற்பத்தொன்பது என்று ஓடிக்கொண்டிருந்தார். அப்புறம் ஏழெட்டு. ஏழெட்டு. தாண்டிப் போகக் கால் எழவில்லை. கணவனின் கழுத்து தெரிந்தது, தாமே பொத்தான் தைத்துக் கொடுத்த சட்டைக் காலர் தெரிந்தது. அவருடைய வாய் இறுக மூடியிருந்தது. தண்ணீர் ஜாடி தெளிவாக, மரியாதையாக, அவருடைய குரலில் சொன்னது: "அது நீங்கதான் ஐயா."

ஒருவர் எண் தப்பினால் பக்கத்திலிருப்பவருக்கும் தப்பும். மின்விசிறி "நீங்கதான்" என்றது. ஜன்னல் கொக்கிகள் வரிசையாக "நீங்கதான் ஐயா, நீங்கதான் ஐயா" என்றன. பாம்புச்செவியின் மூக்குக் கண்ணாடிக் கூடு, "முதல் நாளே தெரியும்" என்றது. மேடைக்கு அடியிலிருந்து ஏதோ ஒன்று "நீதாண்டா" என்றது. யாருடைய கருத்து அது என்று இன்றுவரை யாரும் உரிமை கோரவில்லை. வாய் திறந்தவர் ஒருவருமில்லை. அத்தனை பேரும் செத்தோம் என்று நின்றார்கள்.

தலைவர் எழுந்தார். மைக்கைத் தள்ளினார். "என் குரல் வெண்கலக் குரல்" என்று ஆரம்பித்தார். அதே நொடியில் கைப்பிடி, "இந்த ஆளுக்குப் பாதிச் சம்பளமே" என்று ஆரம்பித்தது. இரண்டும் ஒரே கீச்சாக, ஒன்றின் மேல் ஒன்று ஏறி, கூடத்தின் கடைசிச் சுவர் வரை போய்த் திரும்பி வந்தன. அவர் அதைக் கேட்டார். மெதுவாக உட்கார்ந்து, தண்ணீர் கேட்டார். ஜாடியைத் தொட யாருக்கும் தைரியம் வரவில்லை.

தலைவரும் ஊரில் குடியிருப்பவர்தான் என்று வக்கீல் விளக்கினார். அவர் தன் ஆட்சேபணையைத் திரும்பப் பெறுவதாகக் கையெழுத்துப் போட்டார். மை காய்வதற்குள் கைப்பிடி மறுபடி ஆட்சேபித்தது. மனமுவந்து என்று சட்டத்தில் இருந்தது. அடுத்த தேர்தல் வரை முயன்று பார்த்து, முடியாமல், பாதிச் சம்பளம் என்றே தீர்மானித்தார்கள். அலுவலகத்தில் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. ரொட்டிக்கடையில் புகை மேலே போயிற்று, தெருவுக்கு விளக்கு வந்தது, பாம்புச்செவி காதில் பஞ்சு வைத்துக்கொண்டு பென்ஷன் வாங்கினார். உலை மட்டும் எரியவில்லை. கூடத்தில் இன்றைக்கும் கருத்து கேட்கிறது. உறுப்பினர்கள் அதை மழைச் சத்தம்போல எடுத்துக்கொண்டு வேலையைப் பார்க்கிறார்கள், ஜாடியை வாரம் ஒருமுறை கழுவுகிறார்கள். பயமும் முழுதாகப் போய்விடவில்லை. மன்றத் தெருவில் போகிறவர்களின் உதடுகள் இப்போதும் அசைகின்றன, அதனால் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கணக்கில் கெட்டி.

கல்வெட்டின் கடைசி வரி, அன்று முதலில் துணிந்தது டைப்பிஸ்ட் அம்மாவின் அஞ்சாத நெஞ்சம் என்கிறது. ஏழெட்டு எவ்வளவு என்று அவருக்கு இன்னும் தெரியாது.