நாலரை மணிக்கு அடுத்த பெயர்

1

போன மாதம் என் மகள் சத்யபிரியா, ஒரு கையில் தோசையும் மறு கையில் செல்போனுமாக உட்கார்ந்து, தன் கல்லூரியிலிருந்து வந்த மின்னஞ்சலைத் திறந்தாள். எதையோ அழுத்தினாள். ஒரு கடவுச்சொல் வந்தது. அடுத்த தோசை கல்லில் வேகுமுன்னே புள்ளியியல் மென்பொருள் அவளுடைய லேப்டாப்பில் இறங்கிவிட்டது.

"அவ்வளவுதானா?" என்று கேட்டேன்.

"அவ்வளவுதாம்ப்பா. வேற என்ன?" என்றாள்.

அந்த 'வேற என்ன'வுக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கதையை ஆரம்பித்தேன். இது எப்படிப் பிறந்தது என்பதில் பாதி உண்மை இது. மீதிப் பாதியை எங்கே வைப்பதென்று இன்னும் தெரியவில்லை. கொஞ்சம் பொறுங்கள்.

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

ஒன்று: "திருச்சுழிக் கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த அந்தப் பங்குனியில்…" [நிறுத்திவிட்டேன். எங்கள் பக்கத்தில் பேனா எடுத்தவன் எல்லாம் முதல் வரியிலேயே மண்ணை வெடிக்க வைத்துவிடுகிறான். இந்தக் கதை நடந்தது குளிர்சாதன அறையில்.]

இரண்டு: "பல்கலைக்கழகத்தில் உரிமம் பெற்ற புள்ளியியல் மென்பொருள் ஒரே ஒரு கணினியில் மட்டுமே…" [சுற்றறிக்கை வாசிப்பது போல இருக்கிறது.]

மூன்று: "சாம்பார்க் கறை பட்ட கடிதத்தோடு தங்கச்செல்வி கணினி ஆய்வகத்துக்குள் நுழைந்தபோது மணி மூன்று பத்து."

இது இருக்கட்டும்.

3

2011 மார்ச் 31, வியாழக்கிழமை. தங்கச்செல்விக்கு ஊர் பந்தல்குடி. அருப்புக்கோட்டையில் ஒரு கல்லூரியில் தற்காலிக ஆசிரியை வேலை. மிச்ச நேரத்தில் ஆராய்ச்சி. திருச்சுழி வட்டாரத்து மானாவாரி ஊர்களில் வீடு வீடாக ஏறி இறங்கி, வெளியூருக்குப் பிழைக்கப் போனவர்களைப் பற்றி 412 படிவங்கள் நிரப்பியிருந்தாள். ஏப்ரல் பதினைந்துக்குள் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். மூன்று முறை நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது, நாலாவது கிடையாது. அந்த 412 படிவங்களையும் கூட்டிப் பெருக்கி அட்டவணையாக்கும் மென்பொருளோ அன்று சாயங்காலம் ஐந்து மணியோடு காலாவதி. புதுப்பிக்க எத்தனை மாதம் ஆகும் என்று யாருக்கும் தெரியாது. அன்று விட்டால் ஆறு வருஷ உழைப்பு போச்சு.

மென்பொருளுக்கு ஒரு சாவி உண்டு. பெருவிரல் நீளத்தில் நீலமாக இருக்கும். கணினிக்குப் பின்னால் அதைச் செருகினால்தான் மென்பொருள் கண் திறக்கும். ஆய்வகப் பொறுப்பாளர் முகம்மது ரபீக் அதை ஒரு மாத்திரை டப்பாவில் பஞ்சு வைத்து, இரும்பு அலமாரியில் பூட்டி வைத்திருப்பார். வழிகாட்டி, துறைத் தலைவர் இருவரும் கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டும். பிறகு பதிவேட்டில் பெயர், நேரம், கையொப்பம். இதற்கெல்லாம் பிறகுதான் டப்பா திறக்கும்.*

[* இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. ஒரு பொருளுக்காக அத்தனை படி ஏறி இறங்கிய நாட்களில் அந்தப் பொருளின் மேல் ஒரு மரியாதை இருந்தது. செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போவோம். தூசிக்காக என்றுதான் பலகையில் போட்டிருந்தார்கள். எங்களுக்கு அது கோயில் மாதிரித்தான் இருந்தது.]

அவளுக்கு இரண்டு மணியிலிருந்து நாலரை வரை நேரம் ஒதுக்கியிருந்தது. ஆனால் துறைத் தலைவர் சங்கரபாண்டியன் அன்று விடுப்பு. பாலவனத்தத்தில் சொந்தக்காரர் கல்யாணம். சேதி தெரிந்ததும் அவள் அழவில்லை, பஸ்ஸைப் பிடித்தாள். பாலவனத்தம் பல்கலைக்கழகத்துக்குப் போகிற வழியில்தானே இருக்கிறது! மண்டபத்தில் யார் என்ன என்று தெரியாமலே இரண்டு பெண்கள் அவளுக்குச் சந்தனம் நீட்டினார்கள். கூட்டத்தில் பேராசிரியரைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் அவர் பந்தியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏம்மா, இலையப் போட்டாச்சு. நீயும் உக்காரு. சாப்ட்டுட்டுப் போடுறேன்" என்றார்.

"சார், ரெண்டு மணிக்கு எனக்கு நேரம் சார்."

"அதுக்காகப் பந்தியில வந்து நின்னுக்கிட்டே போவியா? கல்யாண வீட்டுக்காரவுக என்ன நினைப்பாக?"

உட்கார்ந்தாள். சாப்பிட்டாள். பாயசம் வரும்வரை அவர் எழவில்லை. கை கழுவி வந்து, காகிதம் விரித்த பந்தி மேசையிலேயே கடிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். கறை அப்போது பட்டதுதான். எழுபது நிமிஷம் போய்விட்டது.

4

"தங்கச்சி, கடுதாசியில கையெழுத்து இருக்கு, சரி. இது என்ன மஞ்சளா?"

"சாம்பார்ண்ணே."

ரபீக் கடிதத்தை முகர்ந்து பார்த்தார். "நல்ல சாம்பாராத்தான் இருந்துருக்கு" என்று சொல்லி, கோப்பில் குத்தி, டப்பாவைத் திறந்தார்.

[இந்த இடத்தில் இருவருக்கும் இடையே ஏதாவது தளிர்க்குமா என்று நீங்கள் எதிர்பார்க்கலாம். நானும் இரண்டு பக்கம் எழுதிப் பார்த்தேன். ரபீக்குக்கு அப்போதே இரண்டு பிள்ளைகள். கிழித்துவிட்டேன்.]

தரவுகளை ஏற்றி முடிக்க அரை மணி. முதல் அட்டவணைகள் ஒழுங்காக வந்தன. பதினேழாவது கேள்வியில் இடித்தது.

பதினேழாவது கேள்வி: 'வெளியூர் போனவர் கடைசியாக வீட்டுக்கு வந்து எத்தனை மாதங்கள் ஆகின்றன?'

சராசரி 18.9 மாதம் என்றது மென்பொருள். தங்கச்செல்விக்குத் திக்கென்றது. பொங்கலுக்கும் பங்குனித் திருவிழாவுக்கும் திருப்பூர் பஸ்ஸில் தொங்கிக்கொண்டாவது வந்து சேர்கிற ஜனம். ஒன்றரை வருஷத்துக்கு மேலே எப்படி வரும்? மணி நாலு.

"அண்ணே, எல்லாம் தப்பா வருது" என்றாள்.

ரபீக் எட்டிப் பார்த்தார். பட்டியலைக் கீழே நகர்த்தினார். 6, 11, 99, 4, 99.

"இந்தத் தொண்ணூத்தொம்பது யாரு?"

"பதில் சொல்லாதவுக. படிவத்துல அப்படித்தான் குறிச்சேன்."

"அத இதுக்குச் சொன்னியா? சொல்லலேன்னா இது நெசமாவே தொண்ணூத்தொம்பது மாசம்னுல்ல எடுத்துக்கிரும்!"

சொல்லவில்லை. மறந்துவிட்டாள். 99 என்றால் விட்டுவிடு என்று திரையில் ஒரு கட்டத்துக்குள் தட்டினார்கள். 412 பேர் 375 ஆனார்கள். சராசரி பதினொரு மாதம். கணக்கு நேரானது. மணி நாலு இருபது.

5

அவள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. அந்த முப்பத்தேழு பேரின் முகமும் அவளுக்குத் தெரியும்.

முதல் 99 ஜக்கம்மாள். திருச்சுழிக்குத் தெற்கே ஒரு ஊர். மகன் எங்கோ போர்வெல் லாரியில் போனவன். பதினாறு கேள்விக்கும் வாய் ஓயாமல் பதில் சொன்னவள், பதினேழாவது கேள்விக்கு எழுந்து உள்ளே போய் ஒரு வெள்ளரிக்காயை நறுக்கிக்கொண்டு வந்து வைத்தாள்.

"சாப்பிடு தாயி. அதை மட்டும் கேக்காத. போனவுகளுக்கு நாங்க நாள் எண்ணுறதில்ல. எண்ணி முடிச்சுட்டா அப்புறம் எதுக்கு வருவாக?"

"சரி, எழுதல ஆத்தா."

"எழுத வேண்டாம். அதுக்காக எங்கள விட்டுட்டும் போயிராத. எங்க வீடும் உன் கணக்குல இருக்கணும்."

"இருக்கும் ஆத்தா" என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்தாள் தங்கச்செல்வி.

இதை அவள் ரபீக்கிடம் சொன்னாள். "எங்கத்தா சவுதியில, தம்மாம்ல இருந்தப்ப எங்கம்மா நாள்காட்டியில தாளே கிழிக்க மாட்டாக. வருஷம் முச்சூடும் சுவத்துல ஜனவரி ஒண்ணாந் தேதிதான்" என்றார். பிறகு அவரே சொன்னார்: "அந்த முப்பத்தேழு பேரையும் தனியாப் பிரிச்சு ஒரு தடவை ஓட்டிப் பாரு. எந்த ஊரு, என்ன நிலம், போனவன் எந்த வேலைக்குப் போனான். ஒரு பத்து நிமிஷம் ஆகும். தனி அட்டவணையாப் போட்ரலாம். சொல்லாததும் ஒரு பதில்தான?"

மணி நாலரை.

6

பதிவேட்டில் அடுத்த பெயர் ராஜகுரு. நாலரை முதல் ஐந்து வரை.

[ராஜகுருவை எனக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. முதல் பிரதியில் அவனுக்கு வழுக்கைத் தலையும் அதட்டல் குரலும் கொடுத்தேன். வில்லன் மாதிரி ஆகிவிட்டான். இரண்டாம் பிரதியில் அவனுக்கு உடம்பு சரியில்லாத மனைவியைக் கொடுத்தேன். அது அவனுக்கு நான் செய்த சலுகை. மூன்றாம் பிரதியில் வெறும் முப்பது வயதுக்காரன். கதவோரம் நாற்காலியில் உட்கார்ந்து, நிமிஷத்துக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்ப்பவன். பாளையம்பட்டியிலிருந்து வருபவன். இதுதான் சரி.]

தங்கச்செல்வி எழுந்து அவனிடம் வந்தாள்.

"சார், ஒரு பத்து நிமிஷம் தாரீகளா?"

7

முடிவு அ: ராஜகுரு எழுந்து நின்று, "பார்த்துக்குங்க மேடம்" என்கிறான். முப்பத்தேழு பேரின் அட்டவணை பிறக்கிறது. அவர்களில் முக்கால்வாசிப் பேர்… [இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை. முக்கால்வாசிப் பேர் என்ன? அது யாருக்குமே தெரியாது.]

முடிவு ஆ: ரபீக் கடிகாரத்தைப் பத்து நிமிஷம் பின்னுக்குத் தள்ளிவைக்கிறார். [சுவர்க்கடிகாரத்தை நம்புகிற மென்பொருள் அல்ல அது.]

முடிவு இ: "முடியாதுங்க. எனக்கு அஞ்சு வரைக்கும் வேலை இருக்கு."

8

மீதிப் பாதி உண்மையை இங்கே வைத்துவிடுகிறேன்.

ராஜகுரு என்று யாரும் இல்லை. அந்தப் பதிவேட்டில் அடுத்த பெயர் என்னுடையது.

மூன்றாவது முடிவுதான் நடந்தது. அவள் "சரி சார்" என்று படிவக் கட்டைத் தூக்கிக்கொண்டு போய், வெளி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து அடுக்கிக் கட்டினாள். சன்னல் வழியாக எனக்கு நன்றாகவே தெரிந்தது. என் வேலை பன்னிரண்டு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. மிச்சம் பதினெட்டு நிமிஷம். அவள் இன்னும் அங்கேதான் இருந்தாள். கூப்பிட்டிருக்கலாம். முடியாது என்று சொன்ன வாயால் கூப்பிட வெட்கமாக இருந்தது. அதனால், வேலை இருப்பது போலக் காட்டிக்கொள்ள, என் வட்டப்படத்துக்கு நிறம் மாற்றிக்கொண்டிருந்தேன். பச்சை, ஆரஞ்சு, மறுபடி பச்சை. ரபீக் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளும் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். ஐந்து மணிக்கு அவர் சாவியைப் பஞ்சில் வைத்து மூடினார்.

இருவருக்கும் பட்டம் கிடைத்தது. யாருக்கும் குடி முழுகிவிடவில்லை. அவள் மனதுக்குள் நடந்ததென்று நான் எழுதியதெல்லாம் பின்னாளில் ரபீக் சொன்னதும், நானாக இட்டு நிரப்பியதும்தான். மகள் தோசை சாப்பிட்ட மறுநாள் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போய் அவளுடைய ஆய்வேட்டை எடுத்துப் பார்த்தேன். பதினேழாவது கேள்விக்கான அட்டவணைக்குக் கீழே ஒரே வரி: '37 பேர் பதிலளிக்கவில்லை.' அதற்குக் கீழே அரைப் பக்கம் வெற்றிடம். அட்டவணைக்கு இடம் விட்டு வைத்திருந்தாள். வேறு எந்தப் பக்கத்திலும் அப்படி விடவில்லை.

அந்த அறை இப்போது இல்லை. அந்தக் குளிரையும், பூட்டிய அலமாரியையும், வரிசையில் காத்துக்கிடந்த சிநேகத்தையும் நினைத்தால் எனக்கு நிரம்ப ஏக்கமாகத்தான் இருக்கிறது. அந்த ஏக்கத்தில் பாதி, திரும்பிப் போய் ஒரு வார்த்தையை மாற்றிச் சொல்ல வேண்டும் என்கிற ஆசை. மகளிடம் இதைச் சொல்லவில்லை.

9

பட்டம் வாங்கிய என் வாயில் மறுபடியும் எந்த வார்த்தை வரும் என்று எனக்கு நிச்சயமில்லை. அதனால் இந்த முடிவை நான் எழுதப் போவதில்லை.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வாருங்கள். கதவோர நாற்காலி உங்களுடையது. பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்கிறது. அரை மணி உங்களுக்கு, அதில் உங்களுக்கும் அவசர வேலை இருக்கிறது, அது பொய்யில்லை. ஐந்து மணிக்குச் சாவியைப் பூட்டிவிடுவார்கள். திருச்சுழிக்குத் தெற்கே ஒரு வீட்டில், தன் வீடும் கணக்கில் இருக்கிறது என்று ஒரு பெண் நம்பிக்கொண்டிருக்கிறாள்.

மணி நாலரை. தங்கச்செல்வி எழுந்து உங்களிடம் வருகிறாள்.

"ஒரு பத்து நிமிஷம் தாரீகளா?" என்று கேட்கிறாள்.