பட்டினி போட்ட செல்கள்

கோபே நகர ஆய்வகம் ஒன்றில் சிகுசா கண்ணாடித் தட்டில் வளர்த்த ஸ்டெம் செல்கள் ஒன்று இரண்டாக, இரண்டு நான்காகப் பெருகிக்கொண்டே இருந்தன. நரம்பு செல்லாக மாறத்தான் மறுத்தன.

"உன் பிள்ளைங்க பெருகுறதோட சரி, ஒரு வேலைக்கும் போகாதுங்க போல," என்று பக்கத்து மேசை இசோபே சீண்டுவான்.

அந்த வாரம் தங்கை கல்யாணத்துக்கு ஹிமேஜி போனவள், செல்களுக்கு உணவுத் திரவம் மாற்றும்படி யாரிடமும் சொல்ல மறந்துவிட்டாள். மூன்றாம் நாள் காலையில் ஞாபகம் வந்து, அலறியடித்துக்கொண்டு ஓடிவந்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். பாதி செத்திருந்தன. மீதியோ பெருகுவதை நிறுத்திவிட்டு, நீளமாக மெல்லிய இழைகளை நீட்டி ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன.

"இசோபே, இங்க வாயேன்! நரம்பு!"

அவன் குனிந்து பார்த்தான். "அடிப்பாவி! என்ன மருந்து போட்ட?"

"மருந்தா? பட்டினிதான் போட்டேன்."

பேராசிரியர் ஹத்தோரியிடம் நடந்ததை மறைக்காமல் சொல்லிவிட்டு, திட்டு விழும் என்று தலைகுனிந்து நின்றாள். அவர் சிரித்துவிட்டார்.

"சரிம்மா, இன்னொரு தட்டு எடு. இந்தத் தடவை மறக்காம மறந்துடு."

அந்தத் தட்டிலும் மூன்றாம் நாள் இழைகள் முளைத்தன. அதன்பிறகுதான் சிகுசாவுக்கே நம்பிக்கை வந்தது.