நான்காவது சரணத்தில் இடுப்பளவு தண்ணீர்

ஆக்லாந்து நகரின் மாங்கேரேயில், தோங்காத் தீவுக்காரர்களின் சபையில் ஆராதனை முடிந்ததும், பெண்களுக்கு இலவச நீச்சல் வகுப்பு தொடங்கப்போவதாகப் போதகரின் மனைவி அறிவித்தார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். லோசலீனி மட்டும் கையைத் தூக்கினாள்.

சபைப் பாடகர் குழுவின் தலைவி அவள். ஐம்பதைத் தாண்டியவள், நல்ல கனத்த உடம்பு. முழங்காலுக்கு மேல் தண்ணீர் என்றால் இறங்கவேமாட்டாள். தீவுக்காரப் பிள்ளைக்கு நீந்தத் தெரியாமலா இருக்கும் என்று ஆக்லாந்துப் பள்ளிக்கூடத்தில் யாரும் அவளுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. இரண்டு வேலை பார்த்த அப்பா அம்மாவுக்கோ குளத்துக்குக் கூட்டிப்போக நேரமில்லை. போன கோடையில் கணவனோடு மீன்பிடிக்கப் போன இடத்தில் ஓர் அலை அவள் காலை வாரியது. பாறை இடுக்கைப் பிடித்துக்கொண்டு பிழைத்தாள். அந்தப் பயம் இன்னும் விடவில்லை.

வீட்டில் கணவன் பெனிசிமானி விழுந்து விழுந்து சிரித்தான்.

"நீயா? நீ எறங்கினா கொளத்துல தண்ணியே மிஞ்சாதே!"

"சிரிய்யா, நல்லா சிரி. அன்னைக்கு அலை அடிச்சப்போ உன் நீச்சலெல்லாம் எங்க போச்சு?"

"தூண்டில யாரு பாத்துக்கறது? தோங்காவுல, எங்க ஊரு ஹாபாய்ல நான் ஒரு தீவுல இருந்து இன்னொரு தீவுக்கு நீந்திப் போனவன் தெரியுமா?"

இந்தக் கதையை அவள் கல்யாணமான நாளிலிருந்து கேட்டுவருகிறாள்.

முதல் நாள் சமூக நல மையத்து வேன் வீட்டு வாசலுக்கே வந்தது. குளத்தில் ஆண்கள் யாரும் இல்லை. ஜன்னல் திரைகளெல்லாம் இறக்கப்பட்டிருந்தன. நீச்சலுடை வேண்டாம், பனியனும் கால்சட்டையும் போதும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அப்படியும் பெண்கள் அத்தனை பேரும் கரையில் வரிசையாக உட்கார்ந்துகொண்டார்களே தவிர ஒருத்தியும் இறங்கவில்லை. பயிற்சி கொடுக்க வந்த மாவோரிப் பெண் நாயிரே, தண்ணீரில் நின்றபடி கெஞ்சிப் பார்த்தாள், வேடிக்கை காட்டிப் பார்த்தாள்.

"மொதல்ல நீ எறங்கு லோசா, கை தூக்கினவ நீதானே," என்றாள் அவள் தோழி மாஃபி.

"நீ எறங்குடி. உனக்குத்தான் ஒடம்புல கொழுப்பு, தானா மிதப்ப."

"யாருக்குடி கொழுப்பு? ஞாயித்துக்கெழம பன்னிக்கறில எனக்குப் பங்கு வெக்காம வழிச்சவ பேசறா பாரு!"

சிரிப்பு அடங்கியதும் மறுபடி பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. எதை எடுத்தாலும் பாட்டில் தொடங்கியே பழகியவள் லோசலீனி. இப்போதும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு ஞானப்பாட்டை எடுத்தாள். அவள் எடுத்தால் மற்றவர்களால் சும்மா இருக்க முடியாது. முதல் சரணத்துக்கு ஒரு படி இறங்கினாள். பின்னால் மாஃபி. இரண்டாவது சரணத்துக்கு இன்னொரு படி. நான்காவது சரணம் முடிந்தபோது எல்லோரும் இடுப்பளவு தண்ணீரில் கைகோத்து நின்றுகொண்டிருந்தார்கள். கூரை அதிர்ந்தது. நாயிரே வாயைப் பிளந்தாள்.

"நீங்க எல்லாம் பாடகர் குழுவா? அப்ப பாதி வேல முடிஞ்சுதுக்கா! நெஞ்சு நெறய மூச்ச இழுத்து அப்படியே வெச்சிருங்க. ஒடம்பு தானா மேல வரும்."

மூச்சை இழுத்துப் பிடிப்பது லோசலீனிக்குச் சொல்லித் தரவேண்டிய விஷயமா? மல்லாந்து படுத்தாள். நாயிரேயின் கை முதுகுக்கடியில் இருந்தது. பிறகு பார்த்தால் இல்லை. காதுக்குள் தண்ணீர் கும்மென்று இரைந்தது, கூரை விளக்குகள் மெல்ல நகர்ந்தன. "ஐயோ, நான் மிதக்கறேன்!" என்று கத்தினாள். கத்தியதில் மூச்சு போய் முங்கினாள். எழுந்து இருமிக்கொண்டே சிரித்தாள்.

வகுப்பின் கடைசி நாளில் குடும்பத்தாரையும் அழைத்திருந்தார்கள். பெண்கள் மாற்றி மாற்றிக் குறுக்கே நீந்தினார்கள். பிள்ளைகள் கைதட்டினார்கள். நாயிரே ஆண்களையும் தண்ணீருக்குள் கூப்பிட்டாள். யாரும் அசையவில்லை.

"ஹாபாய்க்காரர எறக்கி விடுங்க!" என்று மாஃபி கூவினாள்.

பெனிசிமானி கரையோரக் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். விரல் முட்டியெல்லாம் வெளுத்திருந்தது. லோசலீனி கரையோரம் நீந்தி வந்தாள். அவன் குனிந்து, அவள் காதோடு சொன்னான்.

"லோசா, எனக்கு நீந்தத் தெரியாது."

"அந்தத் தீவுக் கதை?"

"படகுல போனேன். எங்கப்பாதான் துடுப்பு போட்டாரு."

இத்தனை வருஷமாக அந்தப் பாறைகளில் இந்த மனுஷனை நம்பித்தானே நின்றோம் என்று நினைத்துக் குளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த கணம் அவன் முகத்தைப் பார்த்துச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. நாயிரேயிடம் போய், "ஆம்பளைங்களுக்கும் ஒரு வகுப்பு வெச்சா என்ன?" என்று சத்தமாகக் கேட்டாள்.

"வெக்கலாமே! யாரெல்லாம் சேரறீங்க?"

ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் பெனிசிமானி கம்பியிலிருந்து ஒரு கையை மட்டும் எடுத்து உயர்த்தினான். அதைப் பார்த்துச் சபை மூப்பர் உயர்த்தினார். பிறகு மாஃபியின் கணவன். நீந்தத் தெரியாதவர்கள் இத்தனை பேரா என்று பெண்கள் தூக்கிய கைகளை எண்ணத் தொடங்கினார்கள்.

அடுத்த சனிக்கிழமை ஆண்கள் கரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் இறங்கவில்லை. பார்க்க வந்த பெண்கள் பலகைகளில் உட்கார்ந்து, தேங்காய்ப்பாலில் வெந்த மரவள்ளியைப் பிட்டுத் தின்றபடி ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள்.

"பாடுங்கய்யா! மொதல் சரணத்துக்கு ஒரு படி!"

பெனிசிமானி திரும்பி மனைவியைப் பார்த்தான். "சுருதி எடுத்துக் கொடேன், லோசா."

அவள் எடுத்துக் கொடுத்தாள். தடித்த குரல்கள் தாறுமாறாகச் சேர்ந்துகொள்ள, ஆண்கள் ஒவ்வொருவராக, முகத்தைச் சுளித்துக்கொண்டு, தண்ணீருக்குள் கால் வைத்தார்கள்.