ஜெரால்ட் பைபஸ் தூக்கில் போட்ட ஆள்

ஹில்டா தாக்ரே இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டியவள். ஓய்வு பெற்ற மறுவாரமே டிராம்போன் என்ற நீளமான பித்தளைக் குழலைத் தூக்கிக்கொண்டு, தெருவில் வாசித்துக் காசு சேர்க்க, இங்கிலாந்தின் யார்க் நகரத்து ஸ்டோன்கேட் தெருவுக்கு வந்துவிட்டாள். பஸ் ஹாரனுக்கும் அவள் வாசிப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று சொல்பவர்கள் உண்டு. பக்கத்தில் நின்று அக்கார்டியன் வாசிக்கும் நானும் அவர்களில் ஒருவன். ஆனால் அவள் காதுபடச் சொன்னதில்லை.

எங்களுக்கு வாய்த்த தொல்லை ஜெரால்ட் பைபஸ். சுற்றுலாக்காரர்களைத் தெருத்தெருவாக நடத்திச் சென்று வரலாறு சொல்பவர். பழங்காலத்து முக்கோணத் தொப்பி, முழங்காலோடு நின்றுபோகும் கால்சட்டை, வெயிலிலும் குடை. தினமும் பதினோரு மணிக்கு இருபது பேரோடு வந்து எங்கள் எதிரில் நிற்பார். எதிர்வீட்டு மர உத்தரத்தைக் காட்டிப் பேசுவார். திங்கட்கிழமை அந்த உத்தரம் வைக்கிங் கப்பலிலிருந்து வந்திருக்கும். வியாழக்கிழமை ஸ்பானியக் கப்பலிலிருந்து.

ஜூன் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, பேச்சை நிறுத்திவிட்டுக் குடையை ஹில்டா பக்கம் நீட்டினார்.

“அம்மா, அந்தக் குழாயைக் கொஞ்சம் இறக்கி வைக்கிறீங்களா? இது வரலாற்றுத் தெரு. இங்க நானூறு வருஷமா யாரும் இப்படி ஊதினதில்ல.”

“யாரு சொன்னா?” என்றாள் ஹில்டா. “பார்னபி ஸ்கெல்ஃப் ஊதினான். நகரசபையோட ஆஸ்தான வாத்தியக்காரன். மேயர் பேசறப்ப குறுக்க ஊதிட்டான்னு வேலையை விட்டுத் தூக்கிட்டாங்க. ஊரையே சுத்திக் காட்டறீங்க, இதுகூடத் தெரியாதா?”

கூட்டம் சிரித்தது. பைபஸ் குடையை மடக்கிக்கொண்டு நகர்ந்தார்.

“யாரு ஹில்டா அந்த பார்னபி?” என்று கேட்டேன்.

“இப்பதான் பொறந்தான்,” என்று டிராம்போனைச் சாய்த்து, உள்ளே சேர்ந்திருந்த எச்சிலை நடைபாதையில் உதறினாள்.

இரண்டே நாளில் பைபஸ் அவனைத் தத்தெடுத்துக்கொண்டார். வியாழக்கிழமை கூட்டத்தின் முன் குரலைத் தாழ்த்தினார். “இதோ இந்த இடத்துலதான் பார்னபி ஸ்கெல்ஃப் நின்னு ஊதினான். மேயரோட மனைவி மேல காதல். தூக்குல போட்டாங்க. மழை நாள்ல இன்னும் அவன் ஊதுறது கேக்கும்.” ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஹில்டாவின் வாசிப்பு பாதியில் நின்றது.

“கேட்டியா? என் ஆளைக் கொன்னுட்டான்.”

“அப்படி ஒரு ஆளே கிடையாதே.”

“இல்லாதவன்னா தூக்குல போட்டுடலாமா? நான் வேலையை விட்டு மட்டும்தானே அனுப்பினேன்.”

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கண் கலங்கியிருந்தது. நான் அக்கார்டியனுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

மறுநாள் முதல் அவளும் கதை சொல்ல ஆரம்பித்தாள். அவள் கணக்கில் பார்னபி தூக்குக்கு முதல் நாள் ராத்திரி சிறையிலிருந்து தப்பி, ஹல் துறைமுகத்துக்குப் போய், ஒரு விதவையைக் கட்டிக்கொண்டு, ஐந்து பிள்ளை பெற்று, எண்பத்திரண்டு வயதில் விலாங்குமீனை அளவுக்கு மீறித் தின்று செத்தான். பத்தடி தள்ளி பைபஸ் அவனைத் தினம் ஒருமுறை தூக்கில் போட்டார். இரண்டு வாரம் இப்படியே போனது. மூலைக்கடைக்காரன் இறைச்சிப் பலகாரத்தின் மேலே மாவில் சுருக்குக் கயிறு செய்து வைத்து ‘ஸ்கெல்ஃப் பை’ என்று விற்றான். யாரோ ஒரு புண்ணியவான் பார்னபிக்குக் கல்வெட்டு வைக்கச் சொல்லி நகரசபைக்கு மனு போட்டுவிட்டான். மனு ஆவணக் காப்பகத்துக்குப் போக, அங்கே பழைய ஏடுகளைப் பார்த்துக்கொள்ளும் ரொவீனா காவுட் சைக்கிளில் வந்து இறங்கினாள்.

“பார்னபி ஸ்கெல்ஃப் பத்தி எந்த ஏட்டுல படிச்சீங்க?” என்று இருவரையும் கேட்டாள்.

பைபஸ் குடையால் ஹில்டாவைக் காட்டினார். “இந்தம்மா சொன்னதுதான்.”

“தூக்கு இவர் போட்டது,” என்றாள் ஹில்டா. “அதுக்கு நான் பொறுப்பில்ல.”

ரொவீனா சிரிக்கவில்லை. “ரெண்டு நாள் தேடினேன். அப்படி ஒருத்தர் இல்ல. ஆனா தேடறப்ப வேற ஒருத்தங்க கெடச்சாங்க. வந்து பாருங்க.”

மூன்று பேரும் அவள் பின்னால் காப்பகத்துக்குப் போனோம். நகரசபையின் பழைய புகார் ஏடு ஒன்று; பழுப்பேறிய பக்கம், கோழி கிளறிய கையெழுத்து. தாளில் படாமல் விரலை ஓட்டி அவள் படித்தாள். ஆலிஸ் பெக், விதவை. இறந்துபோன புருஷனின் ஊதுகுழலை எடுத்துக்கொண்டு விடியற்காலையில் ஸ்டோன்கேட்டில் ஊதுவதாகப் புகார். மூன்று முறை எச்சரிக்கப்பட்டாள். நிறுத்த மாட்டேன் என்றாள்.

“அப்புறம்?” என்றார் பைபஸ்.

“அவ்வளவுதான். அடுத்த பக்கம் பன்னிங்க தெருவுல திரியறதைப் பத்தி.”

பைபஸ் தொப்பியைக் கழற்றினார். அதற்குக் கீழே வழுக்கை என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

“விடிகாலையிலயா,” என்றாள் ஹில்டா, மிகுந்த மரியாதையோடு. “படுபாவி. ஒருத்தனையும் தூங்க விட்டிருக்க மாட்டா.” பிறகு இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். படித்து முடித்ததும் வெளியே போய்ச் சட்டைக் கையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த நாள் பதினோரு மணிக்கு பைபஸ் ஆலிஸ் பெக்கைப் பற்றிச் சொன்னார். ஏட்டில் இருந்ததை மட்டும்.

“தூக்குல போட்டாங்களா?” என்றான் லீட்ஸிலிருந்து வந்த ஒருவன்.

பைபஸ் வாயைத் திறந்தார். பொய் தொண்டைவரை வந்து நின்றதை நான் பார்த்தேன். அதை விழுங்க அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல.

“தெரியல சார்.”

“பேயாவது வருமா?”

“அதுவும் தெரியல.”

அவன் ஏமாந்த முகத்தோடு மூலைக்கடைப் பக்கம் நடந்தான். பைபஸ் எங்களிடம் வந்து தொண்டையைச் செருமினார்.

“மூணு எச்சரிக்கைன்னு நான் சொல்றப்ப, நீங்க மூணு தடவை ஊதினா நல்லாருக்கும்.”

“நிறுத்த மாட்டேன்னு சொன்னவளுக்கு மூணோட நிறுத்தச் சொல்றீங்களா?” என்று ஹில்டா டிராம்போனைத் தூக்கினாள்.

நான்காவது ஊதலில் மேல்மாடி ஜன்னல் ஒன்று திறந்தது. யாரோ கெட்ட வார்த்தையில் திட்டினார்கள். ஹில்டா அண்ணாந்து பார்த்துத் தலையாட்டிவிட்டு ஐந்தாவதை ஆரம்பித்தாள். பைபஸ் குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, பேச முடியாமல் காத்திருந்தார்.