நாற்பத்திரண்டாம் நாளின் பத்து இலைகள்

1

இந்தக் கதை பத்து எண்களிலிருந்து பிறந்தது. பத்தும் பொய். எழுதியது நான்தான். மாலை நேர எழுத்து வகுப்பில் சேர்ந்த ஏழாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, எங்கள் நெல்வயல் நோட்டில் எழுதினேன். வகுப்பில் நான் கொடுத்த கதை எதையும் இதுவரை யாரும் நம்பியதில்லை. இந்தப் பத்து எண்களை மட்டும் வீட்டில் நம்பினார்கள்.

நாளை கதையை ஒப்படைக்க வேண்டும். எதையும் வரிசைப்படி செய்கிறவள் என்பதால் முதலில் தொடக்க வரிகளை எழுதிப் பார்த்தேன்.

(அடித்தது: பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் வயல்… எங்கள் வீட்டில் கம்பளம் கிடையாது. வயல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், கம்பளம்தான் தெரியாது.)

(அடித்தது: உரத்தின் அளவைக் குறைத்தாலும் விளைச்சல் குறையாது என்பதற்கு… இது கட்டுரை. ஆசிரியை பாதியிலேயே கண்ணாடியைக் கழற்றிவிடுவார்.)

(அடித்தது: நான் வேண்டுமென்று அப்படிச் செய்யவில்லை. செய்தேன்.)

மூன்றாவதை அடிக்கும்போது ஒன்று புரிந்தது. 'நான்' என்று எழுதினால் கை தானாக எனக்காக வாதாடப் போய்விடுகிறது. ஆகவே இனி கதைக்குள் என் அக்கா பெரியவள், நான் சின்னவள். சின்னவளுக்கு நான் பரிந்து பேசுவதுபோல் தெரிந்தால் அந்த இடத்தைச் சுழித்து வையுங்கள்.

2

பெரியவளுக்குத் தையல் ஆலையில் வேலை. காலை ஏழு மணிக்குள் மெஷின் முன்னால் உட்கார்ந்துவிட வேண்டும். மிச்ச நேரமெல்லாம் அவள் மனது வயலில் இருந்தது. அப்பாவுக்கு ஒரே அளவில் இரண்டு வயல்கள், மேல்வயல், கீழ்வயல். இரண்டிலும் ஒரே நெல்தான். அப்பா ஒரு போகத்துக்கு நான்கு தடவை யூரியா தூவுவார், நாள் தவறாமல், கை நிறைய.

"பாதி போதும்ப்பா. பயிர் கேக்கறப்ப மட்டும் போடலாம்."

"கேக்குமா? எந்த வாயால?"

"இலையால."

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்ததும் பேச்சை முடித்தார். "சரி, இந்தப் போகம் கீழ்வயல் உன்னுது. மேல்வயலைவிட ஒரு மூட்டை குறைஞ்சாலும் அப்புறம் ரெண்டும் என் கையில. உரம்னு இந்த வீட்டுல பேச்சே எடுக்கக் கூடாது."

"சமமா வந்தா?"

"சமமா வந்தா நீ ஜெயிச்ச. ரெண்டு வயலும் உன் இஷ்டம்."

இலை சொல்வதைப் படிக்க ஓர் அட்டை உண்டு. பள்ளிக்கூட ஸ்கேல் அளவுக்கு பிளாஸ்டிக். அதில் வெளிர்பச்சையிலிருந்து கரும்பச்சை வரை நான்கு பட்டைகள். இரண்டு முதல் ஐந்து வரை எண்கள். வாரம் ஒருமுறை, காலை எட்டு மணிக்கு, வயலில் அங்கங்கே பத்துச் செடிகளைப் பிடிக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் முழுதாக விரிந்த மேல் இலையின் நடுப்பகுதியை அட்டையோடு ஒட்டிப் பார்க்க வேண்டும். வெயில் படக் கூடாது. பார்க்கிறவர் தன் நிழலை அதன்மேல் விழச் செய்ய வேண்டும். வாராவாரம் ஒரே ஆளின் கண்ணாக இருக்க வேண்டும். பத்தில் ஆறு இலை நாலுக்குக் கீழே இறங்கினால் ஓர் அளவு யூரியா. இல்லாவிட்டால் பையைத் தொடக் கூடாது.

எட்டு மணிக்குப் பெரியவள் ஆலையில் இருப்பாள். ஆகவே கண் சின்னவளுடையது.

அட்டையும் கையுமாகப் போனவளை உரக்கடைக்காரர் நிறுத்தினார். "என்னம்மா, வீட்டுக்கு பெயிண்ட் பாக்கறீங்களா?"

"இல்லண்ணே, வயலுக்கு."

"அப்ப ரெண்டு கோட்டா அடிச்சுடுங்க."

[ஓரக் குறிப்பு: முதல் வரைவில் உரக்கடைக்காரரை வில்லனாக்கினேன். முறுக்கு மீசைகூட வைத்தேன். ஆனால் அரை மூட்டை கேட்டால் முகம் சுளிக்காமல் பிரித்துக் கொடுக்கிறவர் அவர். மீசையை எடுத்துவிட்டேன்.]

3

நட்ட நாற்பத்திரண்டாம் நாள். அன்று மாலை வகுப்பில் சின்னவள் கதை படிக்க வேண்டிய முறை. நாயகி ஜன்னலோரம் நின்று பெருமூச்சு விட்டுக்கொண்டே இருக்கும் கதை அது. விடிந்ததிலிருந்து மேசையைவிட்டு எழாமல் அவளைப் பெருமூச்சு விடவைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தபோது மணி பதினொன்று. வெயில் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது. இனிப் போனாலும் நிறம் சரியாகத் தெரியாது.

மறுநாள் எட்டு மணிக்குப் போயிருக்கலாம். (இதைச் சின்னவளுக்கு எதிராகவே எழுதுகிறேன்.) அவள் நோட்டைத் திறந்தாள். போன வாரம் பெரும்பாலும் நாலு. பேனாவை எடுத்தாள்.

4, 4, 3, 4, 5, 4, 4, 3, 4, 4.

நடுவில் இருக்கும் அந்த இரண்டு மூன்றுகளையும் ஓர் ஐந்தையும் பாருங்கள். பத்தும் நாலாக இருந்தால் யாருக்கும் சந்தேகம் வரும். சின்னச் சின்ன விவரம்தான் கதையை நம்பவைக்கும் என்று வகுப்பில் சொல்லித் தந்திருந்தார்கள். அவள் எழுதியதிலேயே கச்சிதமான வரி இதுதான்.

வேலை முடிந்து வந்த பெரியவள் விரல் வைத்து எண்ணினாள். "ரெண்டுதான் கீழ. போட வேண்டாம்." பையின் வாயை இறுக்கிக் கட்டினாள். அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

4

நாற்பத்தொன்பதாம் நாள் சின்னவள் எட்டு மணிக்குச் சரியாக வயலில் நின்றாள்.

3, 2, 3, 3, 2, 3, 4, 3, 2, 3.

தண்டுக்குள் கதிர் உருவாகத் தொடங்கும் வாரம் அது. அப்போது பயிர் பட்டினி கிடந்தால் கதிரில் மணி குறையும். அட்டை இல்லாமலே தெரிந்தது. மேல்வயலுக்கும் கீழ்வயலுக்கும் நடுவே வரப்பு போட்டதுபோல் நிறமும் பிரிந்து நின்றது.

அப்பா வரப்பில் நின்று கேட்டார். "இலைக்கு வாய் இருக்குன்னா உங்க அக்கா. இப்ப என்ன சொல்லுதாம்?"

மாலையில் பெரியவள் ஆலைச் சீருடையைக்கூட மாற்றாமல் பின்கட்டுப் படியில் உட்கார்ந்து நோட்டை முன்னும் பின்னும் புரட்டினாள். "ஒரே வாரத்துல நாலுலேருந்து இப்படி விழுமா? அட்டை பொய் சொல்லுதா, இல்ல நான்தான் முட்டாளா?"

சின்னவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"விடு. அப்பாகிட்ட சொல்லிடறேன். நாளைக்கு அவர் கணக்குப்படியே முழு மூட்டையும் கொட்டட்டும்." பெரியவள் எழுந்தாள்.

[வரைவு அ: சின்னவள் வாயைத் திறக்கவில்லை. உண்மையில் நான்கு சட்டைகள் மடிக்கும் நேரம்வரை இந்த வரைவுதான் நடந்துகொண்டிருந்தது.]

"அக்கா, அட்டை பொய் சொல்லல."

"பின்ன?"

"போன செவ்வாக்கிழமை நான் வயலுக்கே போகல."

பெரியவள் நோட்டைத் திரும்பத் திறந்தாள். அந்தப் பக்கத்தின் எண்கள்மேல் விரலை ஓட்டினாள். திட்டுவாள் என்று சின்னவள் காத்திருந்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இந்த ரெண்டு மூணு எதுக்குடி?"

"நீ நம்பணும்னு."

"நம்பினேனே."

சின்னவள் அழுதுகொண்டே பக்கத்தைக் கிழிக்கப் போனாள். பெரியவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "கிழிக்காத. ஒரே கோடு போடு. கோட்டுக்கு அடியில இருக்கறது படிக்கத் தெரியணும். பக்கத்துல 'பார்க்காமல் எழுதியது'ன்னு எழுது. தேதி போடு."

[ஓரக் குறிப்பு: இந்தக் கதையில் அடித்த வரிகளை அழிக்காமல் விட்டது புதுமைக்காக என்று நினைத்திருப்பீர்கள். எனக்குச் சொல்லப்பட்டதைச் செய்கிறேன், அவ்வளவுதான்.]

5

மறுநாள் பெரியவள் அரைநாள் விடுப்பு எடுத்தாள். இருவரும் முழங்கால்வரை சேற்றில் இறங்கினார்கள். சின்னவள் நிழல் கொடுத்துப் படித்தாள், பெரியவள் எழுதினாள். பத்தில் ஒன்பது நாலுக்குக் கீழே. ஓர் அளவு, ஒரே ஓர் அளவு யூரியா தூவினார்கள். தவறவிட்ட வாரத்துக்கும் சேர்த்து இன்னொரு கை போடச் சொல்லிச் சின்னவள் கெஞ்சினாள்.

"போன வாரப் பசிக்கு இந்த வாரம் ரெண்டு தடவை சாப்பிடுவியா? மிச்சம் தண்ணியோடதான் போகும். வா."

பெரியவள் நேரே அப்பாவிடம் போய் நடந்ததைச் சொன்னாள்.

"இதை எதுக்கு எங்கிட்ட சொல்ற? எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

"நோட்டுல இருக்கேப்பா."

அப்பா மண்வெட்டியின் சேற்றை வழித்தார். "மூட்டையில தள்ளுபடி கிடையாது. சொன்னது சொன்னதுதான்."

"நான் கேக்கலையே."

(அடித்தது: அப்பா மனம் மாறி, "அந்த அட்டையைக் கொஞ்சம் காட்டு" என்றார். சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு மூன்று பக்கம் மிச்சமாகியிருக்கும்.)

ஐம்பத்தாறாம் நாள்: 4, 3, 4, 4, 4, 3, 4, 4, 3, 4. இது பார்த்து எழுதியது. சந்தேகம் இருந்தால் என் கால் விரல்களைப் பாருங்கள், நகத்தில் சேறு இன்னும் போகவில்லை.

6

இப்போது இரண்டு வயலிலும் பூ முடிந்து மணியில் பால் ஏறுகிறது. அட்டைக்கு வேலை முடிந்துவிட்டது. இருந்தும் சின்னவள் தினமும் எட்டு மணிக்குப் போய் நிற்கிறாள். கீழ்வயலில் சில கதிர்கள் குட்டை, எண்ணிக்கூடப் பார்த்தாள். போன வாரக் காற்றில் மேல்வயலின் ஒரு மூலை, நாலு பாய் விரிக்கிற அளவுக்கு, படுத்துவிட்டது. கீழ்வயல் நிற்கிறது. இதில் எது எவ்வளவு மூட்டையாகும் என்று அவளுக்குத் தெரியாது.

அறுவடைக்கு இன்னும் இருபத்து மூன்று நாள். கதைக்கு நாளைதான் கடைசி. "முடிவு தெரியலன்னா கற்பனை பண்ணும்மா, அதுக்குத்தானே வகுப்பு" என்றார் ஆசிரியை. பண்ணிப் பார்த்தேன். கீழ்வயல் மூன்று மூட்டை கூடுதல், பெரியவள் சிரிக்கிறாள். கீழ்வயல் ஒரு மூட்டை குறைவு, குற்றவாளி யார் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை. இரண்டும் சமம், அப்பா மறுபடி எண்ணச் சொல்கிறார். மூன்றுமே நன்றாக வந்தன. மூன்றிலும் நம்பவைக்கும் சின்ன விவரங்களை வைத்திருந்தேன்.

மூன்றையும் ஒரே கோடு போட்டு அடித்தேன்.

மதிப்பெண் குறைந்தால் குறையட்டும். அளக்காத எண்ணை இனி எந்த நோட்டிலும் எழுதுவதில்லை. கதை நோட்டும் நோட்டுதான்.

கீழ்வயல்: ………… மூட்டை
மேல்வயல்: ………… மூட்டை

உங்களுக்கு ஏதாவது எண் தோன்றினால் தாராளமாக நிரப்பிக்கொள்ளுங்கள். பென்சிலால். பக்கத்தில் 'பார்க்காமல் எழுதியது' என்று போட்டு, தேதியும் போடுங்கள்.