சிவப்பு டைல்ஸுக்கு ஒரு மண் நிறம்

சமையலறை டைல்ஸ் செங்கல் சிவப்பு. மேடை மேலேயும், அடுப்புக்குப் பின்னால் சுவரில் பாதி உயரம் வரைக்கும் அதே சிவப்பு. மூத்தவளின் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தபோது, மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிப் போட்டது. மிச்சச் சுவர், மேடைக்குக் கீழே அலமாரிக் கதவு, தரை எல்லாம் வெளிர் நிறம். அவருடைய தம்பி பெண்டாட்டிக்கு, அதாவது இளையவளுக்கு, அந்தச் சிவப்பைக் கண்டாலே எரிச்சல்.

"சமையல் ரூம் மாதிரியா இருக்கு? கறிக்கடை மாதிரி இருக்கு," என்பாள்.

மூத்தவளுக்கோ அந்தச் சிவப்பை விட்டால் வேறு பிடி இல்லை. ஒரு வருஷமாகப் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. போனது திரும்பாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். முகம் தெரியாது, எழுத்து தெரியாது. வெளிறிய அறைக்கு நடுவில் சிவப்பாக ஒரு பட்டை மட்டும் தெரியும். அதுதான் மேடை. பட்டை முடிகிற இடம்தான் விளிம்பு. அதை வைத்தே மூன்று வேளையும் சமைத்தாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. ஏனென்றால் கொழுந்தன் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொல்லியிருந்தான்.

"முடியாமப் போனா சொல்லிடுங்க அண்ணி. இப்பல்லாம் நல்ல நல்ல முதியோர் இல்லம் இருக்கு."

அவளுக்குப் பிள்ளை இல்லை. சமைக்கிற வரைக்கும்தான் அந்த வீட்டில் இடம்.

ஒருநாள் இளையவள் பெயின்டரைக் கூட்டிவந்தாள். அவர் டைல்ஸைத் தட்டிப் பார்த்தார்.

"உடைச்சா உள்ள இருக்கற குழாயும் சேர்ந்து போயிடும்மா. பெயின்ட்லயே அடக்கிடலாம்."

"வெள்ளை அடிச்சுடலாமா?"

"வெள்ளைக்குப் பக்கத்துல சிவப்பு இன்னும் தூக்கலாத் தெரியும். அதே சாயல்ல மண் நிறமா சுவரு, கதவு எல்லாத்துக்கும் அடிச்சிடுங்க. டைல்ஸ் எங்க முடியுது, சுவரு எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியாது."

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மூத்தவளின் கை நின்றது.

அன்று சாயங்காலம் புருஷன் இருக்கும்போதே இளையவள் கலர் அட்டையை நீட்டினாள். "வீட்டுக்குப் பெரியவங்க நீங்க. நீங்களே சொல்லுங்கக்கா. இதுவா, இதுவா?"

இரண்டும் அவளுக்கு ஒரே இருட்டு.

"எதுக்கும்மா வீண் செலவு? இப்ப இருக்கறதே பளிச்சுன்னு நல்லாத்தானே இருக்கு."

கொழுந்தன் செல்போனிலிருந்து தலையைத் தூக்கினான். "எது பளிச்சு? சுவரு பூரா எண்ணெய்ப் பிசுக்கும் கரியும். உங்களுக்குத் தெரியலையா அண்ணி?"

மூத்தவள் அட்டையில் ஒரு பக்கத்தைத் தொட்டாள். "தெரியாம என்ன? செலவாகுமேன்னு சொன்னேன். இந்தப் பக்கம் இருக்கறது லட்சணமா இருக்கு. இதையே அடிச்சிடுங்க."

"பாத்தீங்களா," என்றாள் இளையவள் புருஷனிடம், "அக்கா டேஸ்ட்டே தனி."

பெயின்ட் அடித்து முடித்ததும் இளையவள் மேடைக்குக் கீழே அதே மண் நிறத்தில் நீளமாக ஒரு கால்மிதியும் வாங்கிப் போட்டாள். மறுநாள் காலையில் மூத்தவள் உள்ளே போனபோது பட்டையைக் காணோம். சுவர், மேடை, கதவு, தரை எல்லாம் ஒரே குழம்பலாக இருந்தது. வயிற்றை மேடையோடு ஒட்டிக்கொண்டு, கையால் தடவித் தடவிச் சில நாள் ஓட்டினாள். அப்புறம் ஒருநாள், கொதித்த பாலை இறக்கி மேடை என்று நினைத்து வைத்தாள். அங்கே மேடை இல்லை. இரண்டு பாதமும் வெந்துபோயின.

கொழுந்தன் ஆஸ்பத்திரியிலிருந்தே ஒரு இல்லத்துக்குப் போன் போட்டுப் பேசினான்.

வீட்டுக்கு வந்ததும் இளையவள் காலுக்கு மருந்து போட்டாள். மூத்தவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவன்கிட்ட நீ சொல்லும்மா. பழைய கலரையே அடிச்சுட்டா நான் எப்பவும் போல சமைப்பேன். இதுல எனக்கு மேடை விளிம்பு தெரியல."

"ஏன்க்கா தெரியல?"

மூத்தவள் குரலைத் தாழ்த்தி, "கண்ணு போச்சும்மா. ஒரு வருஷமாச்சு. உன்னை நம்பிச் சொல்றேன்," என்றாள்.

"அது எனக்கு மழைக்காலத்துலயே தெரியும். உங்க டம்ளரை ஒரு சாண் தள்ளி வச்சுட்டு நின்னு பாத்தேன். மேடை பூரா தடவுனீங்க."

"அப்ப தெரிஞ்சேதான் அந்தக் கலரை..."

"நல்லா இருக்கே. கலரை எடுத்துக் குடுத்தது நீங்க."

மருந்து மூடியைத் திருகி மூடிவிட்டு, இளையவள் கூடத்துப் பக்கம் குரல் கொடுத்தாள்.

"என்னங்க, அக்காவே வாய விட்டுச் சொல்லிட்டாங்க. கண்ணு சுத்தமா தெரியலையாம். நாளைக்கே வண்டி சொல்லிடுங்க."

"அப்பாடா," என்றான் கொழுந்தன் அங்கிருந்தே, "நானும் எப்பதான் சொல்வாங்கன்னு பாத்துட்டே இருந்தேன்."